குவார்க் ஏன் தனியாக வெளியே வருவதில்லை? நிறச்சிறையைக் கணக்குப் போட்டே புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான்வோல்ட் போதும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. முடுக்கியில் 2022 முதல் புரோட்டான்களை 13.6 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் மோதவிடுகிறார்கள். எண் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். அளவு லட்சம் கோடி மடங்கு அதிகம். இவ்வளவு ஆற்றலைக் கொட்டியும், புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் ஒன்றுகூடத் தனியாக வெளியே வந்து கருவியில் பதிவானதில்லை. குவார்க்கின் அடையாளமான, எலக்ட்ரானின் மின்னூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொண்ட துகள் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று மில்லிகன் எண்ணெய்த்துளிச் சோதனையின் புது வடிவங்களில்கூடத் தேடிவிட்டார்கள். 1977-இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபேர்பேங்க் குழு நியோபியக் குண்டுகளில் அதைக் கண்டதாக அறிவித்தது. வேறு யாராலும் உறுதிப்படுத்த முடியவில்லை.

இதைத்தான் நிறச்சிறை என்கிறோம். பொதுவாக இதை விளக்குகிறவர்கள் "குவார்க்குகள் ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருக்கின்றன, இழுக்க இழுக்க விசை கூடும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதில் பாதி தப்பு. எந்தப் பாதி என்று நான்காம் படியில் பார்க்கலாம். பிளஸ் டூ இயற்பியலும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால், துகள் அட்டவணையில் உள்ள நான்கே நான்கு நிறைகளிலிருந்து அந்த இழுவிசை எத்தனை டன் என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். ஐந்தாம் படி அதற்குத்தான். முந்தையவை அதற்கான ஏற்பாடு.

முதலில் அலகுகள். ஆற்றலைக் கிகா எலக்ட்ரான்வோல்ட்டில் அளப்போம், இனி ஜிஇவி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு எம்இவி. ஒளிவேகத்தை 1 என்று வைத்துக்கொள்வதால் நிறையும் அதே அலகில் வரும்: புரோட்டான் 938 எம்இவி. நீளத்துக்கு ஃபெம்டோமீட்டர், அதாவது ஒரு மீட்டரில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இரண்டையும் இணைக்கும் எண் 0.1973 ஜிஇவி-ஃபெம்டோமீட்டர். இதை மட்டும் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

படி 1: நிறம் என்ற ஒன்று எதற்காக வந்தது

1964-இல் கெல்-மானும் ஸ்வைக்கும் தனித்தனியாகக் குவார்க் கருத்தை முன்வைத்தபோது கணக்கு அழகாக இருந்தது. ஆனால் ஓர் இடத்தில் இடித்தது. டெல்டா++ என்ற துகளில் மூன்று அப் குவார்க்குகள். அதன் ஸ்பின் (துகளின் சொந்தக் கோண உந்தம்) 3/2, அதாவது மூன்றின் ஸ்பின்னும் ஒரே திசையில். மூன்றும் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் இருக்கின்றன. குவார்க்குகள் எலக்ட்ரானைப் போல அரை ஸ்பின் துகள்கள். அப்படியானால் மூன்று ஒரே மாதிரிக் குவார்க்குகள் ஒரே நிலையில் இருக்கப் பௌலியின் தவிர்ப்புத் தத்துவம் இடம் தராது. அதே ஆண்டு புரூக்ஹேவனில் கண்டுபிடித்த ஒமேகா மைனஸும், மூன்று ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குகளுடன், இதே சிக்கலைக் கொண்டுவந்தது.

கிரீன்பெர்க் 1964-இலும், ஹானும் நம்புவும் 1965-இலும் இதற்கு வழி காட்டினார்கள். குவார்க்குக்கு இன்னொரு அடையாளம் இருக்கிறது, அது மூன்று மதிப்புகளை ஏற்கும், டெல்டாவில் மூன்றும் வெவ்வேறு மதிப்பில் இருக்கின்றன. அந்த மூன்றுக்குத்தான் பின்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று பெயர் வந்தது. கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மின்னூட்டம் மாதிரி இது இன்னொரு வகை ஊட்டம், அவ்வளவுதான்.

வெளியே தெரியும் துகள் எதுவும் மொத்தத்தில் நிறமற்றதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு எளிய வழிகள் இரண்டு. மூன்று நிறமும் கலந்த மூன்று குவார்க்குகள் (புரோட்டான், நியூட்ரான் போன்ற பேரியான்கள்), அல்லது ஒரு நிறமும் அதன் எதிர்நிறமும் (பயான் போன்ற மெசான்கள்). நான்கு, ஐந்து குவார்க் சேர்க்கைகளுக்கும் தடை இல்லை, 2015-இல் எல்.எச்.சி.பி. சோதனை பென்டாகுவார்க்கைக் கண்டது. அங்கேயும் கூட்டிப் பார்த்தால் நிறம் பூஜ்யம்தான்.

படி 2: மூன்றுதானா? எண்ணிப் பார்ப்போம்

பௌலியைக் காப்பாற்றுவதற்காக இட்டுக்கட்டிய கதையோ என்று சந்தேகப்படுவது நியாயம். நேரடியாக எண்ண ஒரு வழி உண்டு.

எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டால் சில சமயம் மியூவான் இணை வரும், சில சமயம் குவார்க் இணை வந்து ஹாட்ரான்களாக (பேரியான், மெசான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) மாறும். இந்த இரண்டின் விகிதம் குவார்க்குகளின் மின்னூட்டங்களை வர்க்கப்படுத்திக் கூட்டிய தொகை. அப் (2/3), டவுன் (−1/3), ஸ்ட்ரேஞ்ச் (−1/3) மூன்றுக்கும் சேர்த்து 4/9 + 1/9 + 1/9 = 2/3. ஒவ்வொரு குவார்க்கும் மூன்று நிறத்தில் வருமானால் மூன்றால் பெருக்க வேண்டும்: 2.

சார்ம் குவார்க் தலைகாட்டும் முன், 2 முதல் 3 ஜிஇவி வரை அளந்தால் விகிதம் 2-க்குச் சற்று மேலே நிற்கிறது. 2/3-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. சார்மும் பாட்டமும் சேர்ந்தபின் எதிர்பார்ப்பு 11/3; அளவீடு அங்கேயும் கொஞ்சம் மேலே. அந்தக் "கொஞ்சம்" பிழை என்று நினைக்க வேண்டாம். வெளியேறும் குவார்க் போகிற போக்கில் குளுவானை உமிழ்வதால் வரும் திருத்தம் அது. அதிலிருந்து வன்விசையின், அதாவது குவார்க்குகளைக் கட்டும் விசையின், வலிமையையே கணக்கிடுகிறார்கள்.

படி 3: குளுவானுக்கும் நிறம் உண்டு

நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையே விசையைச் சுமப்பது குளுவான். இந்தக் கோட்பாட்டின் பெயர் குவாண்டம் குரோமோடைனமிக்ஸ், சுருக்கமாக க்யூசிடி. மின்காந்தவியலில் ஃபோட்டான் செய்யும் வேலைதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. ஃபோட்டானுக்கு மின்னூட்டம் கிடையாது. குளுவானுக்கு நிறம் உண்டு. ஒரு நிறமும் ஓர் எதிர்நிறமும் சுமக்கிறது. மூன்றுக்கு மூன்று ஒன்பது, அதில் முற்றிலும் நிறமற்ற ஒரு கலவையைக் கழித்தால் எட்டு குளுவான்கள்.

1979-இல் ஹாம்பர்க்கின் டேசி ஆய்வகத்தில், பெட்ரா வளையத்தில், எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதலில் இரண்டு துகள்கற்றைகளுக்குப் பதில் மூன்று வந்த நிகழ்வுகள் பதிவாயின. இரண்டு குவார்க்குக்கு, மூன்றாவது குளுவானுக்கு.

குளுவானுக்கே நிறம் இருப்பதால் குளுவானும் குளுவானும் ஒன்றையொன்று இழுக்கும். இனி வருவதெல்லாம் இந்த ஒரு வரியின் விளைவுதான்.

முதல் விளைவு, விசையின் வலிமை தூரத்தைப் பொறுத்து மாறுவது. வெற்றிடம் உண்மையில் காலியாக இல்லை. எலக்ட்ரானைச் சுற்றித் தோன்றி மறையும் துகள் இணைகள் அதன் மின்னூட்டத்தைக் கொஞ்சம் மறைக்கின்றன. அதனால் நெருங்கிப் போகப் போக மின்விசையின் வலிமை 1/137-லிருந்து ஏறி, இசட் போசான் என்ற துகளின் ஆற்றலில் (91 ஜிஇவி) ஏறத்தாழ 1/128 ஆகிறது. க்யூசிடியில் குவார்க் இணைகளும் இப்படித்தான் மறைக்கப் பார்க்கும். குளுவான்களோ நேர்மாறாக நிறத்தைப் பெருக்கிக் காட்டும். யார் ஜெயிக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண்:

33 − (2 × குவார்க் வகைகள்)

அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச், சார்ம், பாட்டம், டாப் என ஆறு வகை இருப்பதால் 33 − 12 = 21. நேர்மதிப்பு, குளுவான் ஜெயித்தது. குவார்க் வகைகள் பதினேழோ அதற்கு மேலோ இருந்திருந்தால் முடிவு தலைகீழாகியிருக்கும். 1973-இல் கிராஸும் வில்செக்கும் ஒரு பக்கம், பொலிட்சர் இன்னொரு பக்கம் இதைக் கணக்கிட்டார்கள். 2004-இல் நோபல் கிடைத்தது. நெருங்கினால் விசை தளர்கிறது, விலகினால் இறுகுகிறது. ஆற்றல் கூடினால் நெருங்கிப் பார்க்கிறோம், குறைந்தால் விலகிப் பார்க்கிறோம் என்று பொருள்: 91 ஜிஇவி-யில் வலிமை 0.118, டௌ துகளின் நிறையான 1.8 ஜிஇவி அருகே 0.33. கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் அறுபதுகளின் இறுதியில் எலக்ட்ரான்களால் புரோட்டானைத் துளைத்தபோது, உள்ளே இருந்தவை கட்டவிழ்ந்த துகள்களைப் போல நடந்துகொண்டது ஏன் என்ற புதிரும் இதோடு அவிழ்ந்தது.

இங்கே பலரும் ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். "தூரத்தில் வலிமை முடிவிலிக்குப் போகிறது, ஆகவே குவார்க் சிறைப்பட்டது" என்று எழுதுவார்கள். அது நிரூபணம் ஆகாது. வாய்ப்பாட்டின்படி சில நூறு எம்இவி-யில் வலிமை எகிறுகிறது. வலிமை சிறியது என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு அந்த இடத்தில் செல்லாது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அப்பால் என்ன நடக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

படி 4: புலக்கோடுகள் நாணாகத் திரள்வது

காஸ் விதியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மின்னூட்டத்திலிருந்து கிளம்பும் புலக்கோடுகள் எல்லாத் திசையிலும் விரிகின்றன. கோளத்தின் பரப்பு தூரத்தின் வர்க்கமாகப் பெருகுவதால் புலம் அதே வேகத்தில் குறைகிறது.

இப்போது அந்தக் கோடுகளே ஒன்றையொன்று இழுத்தால்? விரிய முடியாமல் குவார்க்குக்கும் எதிர்க்குவார்க்குக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாயாகத் திரளும். நாண் என்பது இந்தக் குழாயைத்தான். குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு நீளத்தைப் பொறுத்து மாறாது. எனவே உள்ளே புலமும் மாறாது, விசையும் மாறாது. ஆற்றல் மட்டும் நீளத்துக்கு நேர்விகிதத்தில் ஏறிக்கொண்டே போகும்.

ரப்பர் பேண்ட் உவமை தப்புகிற இடம் இதுதான். ரப்பரை இழுக்க இழுக்க விசை கூடும். குளுவான் நாணில் விசை ஒரே அளவில் நிற்கும், அரை ஃபெம்டோமீட்டரிலும் ஒரு ஃபெம்டோமீட்டரிலும் ஏறத்தாழ அதே இழுப்பு. மின்விசையைப் போலக் குறைந்துபோக மறுப்பதே சிறைக்குப் போதும்.

1974 நவம்பரில் ஜே/சை துகள் கண்டுபிடிக்கப்பட்டதும், சார்மையும் எதிர்ச்சார்மையும் கட்டும் நிலையாற்றலைக் கார்னெல் குழுவினர் இப்படித்தான் எழுதினார்கள்: குறுந்தூரத்தில் கூலும் போன்ற ஓர் உறுப்பு, நெடுந்தூரத்தில் தூரத்தோடு நேர்கோடாக ஏறும் ஓர் உறுப்பு. அந்த நேர்கோட்டின் சாய்வுதான் நாணின் இழுவிசை. சார்ம் துகள்களின் நிறைகளோடு பொருத்திப் பார்த்தால் அது சுமார் 0.18 ஜிஇவி² (விசை என்பது ஆற்றலை நீளத்தால் வகுத்தது; ஓரத்தில் எழுதிய 0.1973-ஐக் கொண்டு நீளத்தையும் ஜிஇவி-யில் எழுதுவதால் இந்த அலகு). இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள்.

படி 5: நாணின் இழுவிசையை நாமே கணக்கிடுவது

மெசானை, இரு முனைகளிலும் நிறையே இல்லாத குவார்க்குகள் உட்கார்ந்திருக்கும் ஒரு நாண் என்று வைத்துக்கொள்வோம். அது தன் நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது, முனைகள் ஒளிவேகத்தில். நாணின் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் சார்பியல் திருத்தம் போட்டுத் தொகையிட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். (தொகையீடு எளிதுதான், அரைநீளத்தில் எவ்வளவு பங்கு என்பதைக் கோணமாக மாற்றிப் போட்டால் இரண்டே வரி.)

மொத்த ஆற்றல் = பை × இழுவிசை × அரைநீளம்
கோண உந்தம் = பாதி × மொத்த ஆற்றல் × அரைநீளம்

அரைநீளத்தை நீக்கிவிட்டால்:

நிறை² = 2 பை × இழுவிசை × கோண உந்தம்

அதாவது, ஒரே குடும்ப மெசான்களை ஸ்பின் வரிசையில் அடுக்கி நிறையின் வர்க்கத்தைப் பார்த்தால், ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு கூட வேண்டும். பார்ப்போமா? அப், டவுன் குவார்க்குகளால் ஆன ரோ குடும்பம், நிறைகள் ஜிஇவி-யில்:

ரோ, ஸ்பின் 1: நிறை 0.775, வர்க்கம் 0.601
ஏ2, ஸ்பின் 2: நிறை 1.318, வர்க்கம் 1.737
ரோ3, ஸ்பின் 3: நிறை 1.689, வர்க்கம் 2.853
ஏ4, ஸ்பின் 4: நிறை 1.967, வர்க்கம் 3.869

வித்தியாசங்கள்: 1.136, 1.116, 1.016. நிறைகளை மட்டும் வரிசையாகப் பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாது; வர்க்கத்தில் வரைந்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். சராசரி 1.089. இதை 2 பையால், அதாவது 6.283-ஆல் வகுத்தால் 0.173 ஜிஇவி².

சார்ம் துகள்களிலிருந்து வந்தது 0.18. அங்கே கனமான குவார்க்குகள் மெதுவாக அசைகின்றன. இங்கே லேசான குவார்க்குகள் ஒளிவேகத்தில் சுழல்கின்றன. இரண்டு கணக்குக்கும் பொதுவானது நடுவில் இருக்கும் நாண் மட்டுமே. இரண்டு விடையும் ஒத்துப்போகின்றன. எத்தனை முறை போட்டாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

டன் கணக்குக்கு வருவோம். 0.173-ஐ 0.1973-ஆல் வகுத்தால் ஒரு ஃபெம்டோமீட்டருக்கு 0.88 ஜிஇவி. ஒரு ஜிஇவி என்பது 1.6 × 10⁻¹⁰ ஜூல். ஒரு ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵ மீட்டர். வகுத்தால் சுமார் 1,40,000 நியூட்டன். பூமியில் 14 டன் எடை. கண்ணுக்கே தெரியாத இரண்டு துகள்களுக்கு நடுவே!

முதல் வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டால் நாணின் நீளமும் வரும்: ரோவில் சுமார் 0.56 ஃபெம்டோமீட்டர், ஏ4-இல் 1.4. ஹாட்ரான்களின் அளவு என்று சோதனைகள் சொல்வதும் இந்த வட்டாரத்தில்தான்.

முனைக் குவார்க்கின் நிறையை விட்டுவிட்டோம், நாணின் குவாண்டம் அதிர்வுகளையும் விட்டுவிட்டோம். வித்தியாசங்கள் அச்சு அசலாக ஒன்றாக இல்லாததற்கு இவையும் காரணம். இதே முறையைப் பயானிடம் காட்டாதீர்கள். 140 எம்இவி மட்டுமே நிறையுள்ள பயான் வேறொரு சமச்சீர்மையின் விளைவாக லேசானது. வரிசையில் சேர்த்தால் முதல் படி இடறும்.

படி 6: நாண் அறுந்தால் குவார்க் வெளியே வந்துவிடாதா

அறும். ஆனால் தப்பிக்க வழி கிடைக்காது.

நாணை இழுத்துக்கொண்டே போனால் அதில் சேரும் ஆற்றல் ஒரு கட்டத்தில் புதிய குவார்க்-எதிர்க்குவார்க் இணையை உண்டாக்கப் போதுமானதாகிவிடும். நாண் அந்த இடத்தில் அறுந்து, அறுந்த முனைகளில் புதுக் குவார்க்குகள் வந்து அமர்ந்துகொள்ளும். ஒரு மெசான் இரண்டு மெசானாகும். கணினிக் கணக்குகளின்படி, கனமான இரு குவார்க்குகளுக்கு நடுவே இது 1.2 ஃபெம்டோமீட்டர் அளவில் நடக்கிறது. ஆகவே ஆற்றல் முடிவில்லாமல் ஏறும் என்று சொல்வதும் நிஜ உலகில் செல்லாது. லேசான குவார்க்குகளே இல்லாத கற்பனை உலகில்தான் அது சரி.

அறுவதை அட்டவணையிலேயே பார்க்கலாம். சார்ம்-எதிர்ச்சார்ம் நாண் அறுந்தால் இரண்டு டி மெசான்கள் வர வேண்டும். ஒரு டி மெசான் 1.865 ஜிஇவி, இரண்டுக்கு 3.73. ஜே/சையின் அடுத்த ஆற்றல் நிலையான சை(2எஸ்) துகளின் நிறை 3.686, வாசலுக்குச் சற்றுக் கீழே. அதன் அகலம் 0.29 எம்இவி. அடுத்த துகளின் நிறை 3.77, வாசலைத் தாண்டிவிட்டது. அகலம் ஒரேயடியாக 27 எம்இவி. அகலம் கூடினால் ஆயுள் குறைவு என்று அர்த்தம். நிறையில் இரண்டு சதவீதம்தான் கூடியது. ஆயுள் தொண்ணூறில் ஒரு பங்காகிவிட்டது.

எல்.எச்.சி. படங்களில் விசிறி போலத் தெரியும் துகள்கற்றைகளும் இதே கதைதான். குவார்க் பாய்ந்தோடும்போது நாண் மீண்டும் மீண்டும் அறுந்து ஹாட்ரான்களைக் கொட்டுகிறது. இசட் போசான் ஒரு குவார்க் இணையாகச் சிதைந்தால் கருவிக்கு வந்து சேர்பவை சராசரியாக 21 மின்னூட்டத் துகள்கள்.

டாப் குவார்க் மட்டும் விதிவிலக்கு. அதன் ஆயுள் 5 × 10⁻²⁵ வினாடி. ஒளி ஒரு ஃபெம்டோமீட்டரைக் கடக்கவே அதைப் போல ஆறேழு மடங்கு நேரம் வேண்டும். ஹாட்ரானாகக் கட்டுப்படும் முன்னரே சிதைந்துவிடுகிறது.

படி 7: நிரூபணம் எங்கே நிற்கிறது

1974-இல் கென்னத் வில்சன் காலவெளியைப் புள்ளிக் கட்டமாக மாற்றி க்யூசிடியை எழுதினார். வலிமை அதிகமாக இருக்கும்போது அந்தக் கட்டத்தில் நிலையாற்றல் தூரத்தோடு நேர்கோடாக ஏறுவதைக் காட்டினார். பின்னர் கணினிகள் வந்தன. 2008-இல் புரோட்டான் உள்ளிட்ட ஹாட்ரான்களின் நிறைகளைச் சில சதவீதத் துல்லியத்தில் இந்த முறையில் பெற்றார்கள். புரோட்டானின் 938 எம்இவி-யில் குவார்க்குகளின் சொந்த நிறை 9 எம்இவி-தான். மிச்சமெல்லாம் அடைபட்ட குவார்க், குளுவான்களின் ஆற்றல்.

ஆனால் கட்டத்தின் இடைவெளியைப் பூஜ்யமாக்கி, தொடர்ச்சியான காலவெளியில் இதைக் கணித முறைப்படி யாரும் நிரூபிக்கவில்லை. இதோடு நெருங்கிய தொடர்புடைய யாங்-மில்ஸ் நிறை இடைவெளிச் சிக்கலுக்கு 2000-இல் கிளே கணித நிறுவனம் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்னும் யாரும் வாங்கவில்லை.

படி 8: சிறையை உருக்குவது

வெப்பத்தை 155 எம்இவி அளவுக்கு, அதாவது சுமார் 1.8 லட்சம் கோடி கெல்வினுக்கு ஏற்றினால் ஹாட்ரான்களின் எல்லைகள் கரைந்து குவார்க்-குளுவான் பிளாஸ்மா உண்டாகிறது. பிரபஞ்சத்தின் முதல் சில மைக்ரோ வினாடிகளில் எல்லாமே இப்படித்தான் இருந்தது. புரூக்ஹேவனில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டு 2005-இல் அறிவித்த முடிவு எல்லாரையும் யோசிக்க வைத்தது: வாயு போலச் சிதறும் என்று பார்த்தால், பாகுத்தன்மை மிகக் குறைந்த திரவம் போல ஓடியது. அதற்குள் குவார்க் தாராளமாக உலாவலாம். துளி குளிர்ந்ததும் வெளியே வருவது மறுபடி ஹாட்ரான்கள்தான்.

அணுக்கருவில் புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்துப் பிடிக்கும் விசையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நிறமற்ற இரண்டு துகள்களுக்கு நடுவே வெளியே கசியும் மிச்சம் அது. யுகாவா 1935-இல் சொன்னபடி அதன் நெடுந்தூரப் பகுதியைப் பயான் சுமக்கிறது, அதனால் 1.4 ஃபெம்டோமீட்டர் தாண்டினால் வேகமாகத் தேய்ந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் முறை. ஸ்ட்ரேஞ்ச் குவார்க் சேர்ந்த கே ஸ்டார் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பின் 1 முதல் 4 வரை நிறைகள் 0.892, 1.43, 1.78, 2.045 ஜிஇவி. வர்க்கப்படுத்தி, கடைசியிலிருந்து முதலாவதைக் கழித்து, மூன்றால் வகுத்து, 6.283-ஆல் வகுங்கள். 0.18-ஐ ஒட்டி வராவிட்டால் வர்க்கத்தில் எங்கோ தட்டச்சுப் பிழை.